தூசிக்கும் ஒரு ஜோடி

அடித்தளத்து அறையில் அவள் படம் எடுக்க உட்கார்ந்தால் அந்த ஆய்வுக்கூடத்தில் முதலில் நிற்பது லிஃப்ட். லிஃப்ட் ஓடினால் கட்டடம் அதிரும். கட்டடம் அதிர்ந்தால் அவளுடைய ஊசி அதிரும். அப்புறம் மூலக்கூறு மூலக்கூறாகத் தெரியவேண்டிய படம் தண்ணீர் பட்ட மைபோல் ஆகிவிடும். மேல்மாடிக்காரர்கள் மூச்சு வாங்கப் படியேறிக்கொண்டே, "ஊசி உக்காந்துட்டா போல" என்று அலுத்துக்கொள்வார்கள்.

ஊசி என்பது அவர்கள் அவளுக்கு வைத்த பெயர். டங்ஸ்டன் கம்பியைக் காரக் கரைசலில் தோய்த்து மின்சாரம் பாய்ச்சுவாள். கம்பி நடுவில் மெலிந்து மெலிந்து, கீழ்ப்பாதி அறுந்து விழும். விழுந்த கணமே மின்சாரத்தை நிறுத்தினால்தான் முனை கூராக நிற்கும். அந்தக் கணம் அவள் கைக்கு அத்துப்படி. அவள் செய்யும் ஊசிகளுக்கு வெளியூர் ஆய்வுக்கூடங்களில்கூட மவுசு இருந்தது. அவள் பேச்சும் அந்த ரகம்தான் என்பார்கள். குத்தும்போது தெரியாது, வீட்டுக்குப் போய்ச் சட்டையைக் கழற்றும்போதுதான் வலிக்கும்.

இந்தக் கதைக்கு வேண்டிய இன்னொரு ஆளுக்கும் பட்டப்பெயர்தான். மேடை. இருவரும் ஒரே அறையில், ஒரே பெரியவரின் கீழ் முனைவர் பட்டத்துக்கு உழைத்தவர்கள். அவளுக்குக் கை, அவனுக்கு வாய். மைக்கைப் பிடித்துவிட்டால் அவன் ஆளே வேறு. இல்லாத முடிவுக்கும் வாயாலேயே பந்தல் போட்டு அதன் கீழே நாலு பேரை உட்கார வைத்துவிடுவான். அதில் அவளுக்குப் பொறாமை ஒன்றும் இருந்ததில்லை, அந்தப் பாய்ப் படம் வரும்வரை.

தங்கத் தகட்டின்மேல் ஒரு சாயப்பொருளை ஒரே ஒரு மூலக்கூறின் தடிமனுக்குப் படியவைத்து, அந்த மெல்லிய படலத்தில் மூலக்கூறுகள் எப்படி வரிசைகட்டுகின்றன என்று அவள் பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. மாதக்கணக்கில் திரையில் வெறும் இரைச்சல். ஒரு நாள் மதியம் வரிவரியாக, மேலிருந்து கீழாக, பாய் முடைந்தாற்போல் ஒரு படம் இறங்கியது. ஒவ்வொரு மூலக்கூறும் அடுத்ததன்மேல் சாய்ந்து படுத்திருந்தது. உலகத்தில் வேறு யாரும் பார்க்காத ஒன்றைத் தான் பார்க்கிறோம் என்று அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. ஓடிப்போய் முதலில் கூப்பிட்டுக் காட்டியது மேடையைத்தான்.

அவன் அந்தப் படத்தைத் தன் பெயரில் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டான். கடைசியில் நன்றி சொல்லும் இடத்தில், ஊசி செய்து உதவியவருக்கு நன்றி என்று அரை வரி போட்டிருந்தான்.

அவள் நேரே பெரியவரிடம் போனாள்.

"அந்தப் படம் என்னோடது சார்."

பெரியவர் மூக்குக்கண்ணாடியைக்கூடக் கழற்றவில்லை. "படம் யார் எடுத்தா என்னம்மா? எடுக்கறது கருவி. அதுக்கு அர்த்தம் சொன்னவன்தானே ஆசிரியர்."

"கருவி தானா எடுக்காது சார்."

"சரி, உன்னோடதுன்னே வச்சுக்குவோம். யார் ஒத்துக்குவா?"

யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. அவள் ஏறாத படி இல்லை, தட்டாத கதவு இல்லை. எல்லா இடத்திலும் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள், கூடப் படித்தவன் முன்னுக்கு வருவது பொறுக்காதவள் என்பதுபோல.

வீட்டில் இன்னொரு கூத்து. குறிப்பு வாங்க, புத்தகம் வாங்க என்று வந்துபோன மேடைக்கும் அவளுடைய தங்கைக்கும் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. வீட்டில் எல்லாரும் தங்கையைச் சின்னவள் என்றே கூப்பிட்டார்கள். அக்காவின் சட்டையைப் பிடித்துக்கொண்டே நடை பழகியவள், அக்கா ஊட்டினால்தான் சாப்பிடுவாள். அம்மா மூத்தவளைச் சமையலறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

"ஒரு படம்தானேடி. அவ வாழ்க்கையவிடப் படம் பெருசா? அவ காதுக்கு இது போகவே கூடாது."

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு விழுங்கினாள். நேற்றுவரை "டேய்" என்று கூப்பிட்டவனை "வாங்க மாப்பிள்ளை" என்றாள். அவனும் அதுவரை ஊசி என்றவன், ஒரே நாளில் "அக்கா" என்று குழைய ஆரம்பித்தான். அந்த "அக்கா"வைக் கேட்கும்போதெல்லாம் அவளுக்கு வயிறு எரிந்தது. சிலர் வீட்டில் பூச்செடி வளர்ப்பார்கள். அவள் வஞ்சம் வளர்த்தாள். வேளாவேளைக்குத் தண்ணீர் ஊற்றி, வாடாமல் பார்த்துக்கொண்டாள்.

வருடங்கள் ஓடின. மேடை துறைத்தலைவன் ஆனான். அவள் அதே அடித்தளத்தில், அதே கருவியோடு இருந்தாள். ஆனால் அவளுடைய அறையில் ஒரு சட்டம் இருந்தது, அதைத் துறைத்தலைவனும் மீறக்கூடாது. கதவில் பெரிய எழுத்தில் ஒட்டியிருந்தாள்: திருப்பிப் பார். மாற்றிப் பார்.

அதற்குக் காரணம் உண்டு. அந்தக் கருவியில் ஊசி படலத்தைத் தொடுவதே இல்லை. தொடுவதற்குச் சற்று முன்னால் நின்றுகொள்ளும். அந்த இடைவெளியில் துளியூண்டு மின்சாரம் தாவும். மேடு வந்தால் கூடும், பள்ளம் வந்தால் குறையும், அதை வைத்துத்தான் படம். எல்லாம் ஊசியின் நுனியில் துருத்திக்கொண்டிருக்கும் ஒற்றை அணுவின் புண்ணியம். அந்த இடத்தில் ஒன்றுக்குப் பதிலாக இரண்டு துருத்திக்கொண்டிருந்தால் குடி கெட்டது. ஒவ்வொரு பொருளும் இரண்டு முறை பதிவாகும், ஒன்று இரண்டாகத் தெரியும். சாதாரண நுண்ணோக்கியில் ஊசியை எத்தனை உற்றுப் பார்த்தாலும் இது பிடிபடாது. அதனால்தான் அந்தச் சட்டம். தகட்டைக் கால்வட்டம் திருப்பி வைத்து மறுபடி பார்க்கவேண்டும். ஜோடி நிஜமானால் படலத்தோடு சேர்ந்து அதுவும் திரும்பும். ஊசியின் கோளாறானால் திரும்பாமல் பழைய திசையிலேயே நிற்கும். அதிலும் சந்தேகம் என்றால் ஊசியை மாற்றிப் பார்க்கவேண்டும். நேற்று வேலைக்குச் சேர்ந்தவன்கூட இதைச் செய்யாமல் படத்தை வெளியே காட்டமாட்டான்.

ஒரு நாள் மேடை இறங்கி வந்தான்.

"அக்கா, உங்க கையால ஒரு ஊசி வேணும். நல்லதா."

"எதுக்கு மாப்பிள்ளை?"

"புதுப் படலம் ஒண்ணு. மூலக்கூறெல்லாம் ஜோடி ஜோடியா உக்காரும்னு நான் மூணு கூட்டத்துல பேசிட்டேன். இன்னும் ஒரு படத்துலகூட ஜோடி வரல. வருடாந்திரக் கூட்டம் வேற வருது. மானம் போயிடும்க்கா."

படம் வருவதற்கு முன்னால் பேச்சு வந்துவிட்டது என்று சொல்கிறான், அதுவும் வெட்கமில்லாமல் சொல்கிறான். அவள் அவன் முகத்தையே பார்த்தாள். பிறகு மேசை இழுப்பறையைத் திறந்தாள்.

இழுப்பறையில் இரண்டு டப்பாக்கள் இருந்தன. ஒன்று நல்ல ஊசிகளுக்கு. மற்றது கழித்த ஊசிகளுக்கு. அன்று காலையில்தான் ஓர் ஊசியைச் சோதித்துப் பார்த்து இரண்டாவது டப்பாவில் போட்டிருந்தாள். அருமையான இரட்டை முனை. வெறும் தங்கத் தகட்டின் மேடுகளையே ஜோடி ஜோடியாகக் காட்டியது. அவள் கை முதல் டப்பாவுக்குப் போனது, நின்றது, இரண்டாவது டப்பாவுக்குப் போனது. ஜோடிதானே வேண்டும் உனக்கு, இந்தா வைத்துக்கொள், உன் மூஞ்சியைப் பார்த்தால்கூட இதில் இரண்டாகத் தெரியும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

"திருப்பிப் பாருங்க மாப்பிள்ளை" என்றாள் ஊசியைக் கொடுக்கும்போது. சட்டப்படி சொல்லவேண்டியதைச் சொல்லியாகிவிட்டது என்று பிற்பாடு தன்னிடமே வாதாட அது உதவியது.

"பாக்காம என்னக்கா" என்று அவன் வாங்கிக்கொண்டு போனான்.

மறுநாள் அவனே கருவியில் உட்கார்ந்தான். அவள் வேண்டுமென்றே அறையில் இல்லை. மத்தியானத்துக்குள் அவன் துள்ளிக்கொண்டு மாடியேறியதை எல்லாரும் பார்த்தார்கள். லிஃப்ட் நின்றிருந்ததுகூட அவனுக்குத் தெரியவில்லையாம். அவள் கீழே போய்க் கருவியில் இருந்த தகட்டைப் பார்த்தாள். வைத்த வாக்கில் அப்படியே இருந்தது. அவன் திருப்பவில்லை. ஊசியும் அதே ஊசி. மாற்றவுமில்லை. படத்தைத் திறந்தாள். படலம் இரண்டு திட்டுகளாக இருந்தது. ஒரு திட்டில் வரிசைகள் நேராக ஓடின, மற்றதில் சாய்ந்து ஓடின. ஆனால் ஜோடிகள் மட்டும் இரண்டு திட்டிலும் ஒரே திசையைப் பார்த்துக்கொண்டிருந்தன. வலது மூலையில், ஆய்வுக்கூடத்தில் தூசி என்று சொல்லப்படும் அழுக்குப் பொட்டு ஒன்று. அதற்கும் பக்கத்திலேயே, அதே இடைவெளியில், அதே திசையில் ஒரு ஜோடி. கண்ணிருக்கிறவன் யாரும் ஒரு நிமிடத்தில் கண்டுபிடிப்பான். ஆசைப்பட்டதே கண்ணுக்கு முன்னால் வந்து நின்றதும் அவன் கண்ணை மூடிக்கொண்டுவிட்டான். அவள் வாய்விட்டுச் சிரித்தாள். எத்தனையோ வருடத்துச் சிரிப்பு அது.

கூட்ட நாள் வரும்வரை அவளுக்கு நல்ல பசி, நல்ல தூக்கம். கண்ணாடி முன்னால் நின்று ஒரே ஒரு கேள்வியைச் சொல்லிப் பழகினாள். அவன் பேசி முடித்துக் கைதட்டல் அடங்கியதும் எழுந்து, பணிவாக, எல்லார் காதிலும் விழும்படி கேட்கவேண்டும்: திருப்பிப் பார்த்தீங்களா? அவ்வளவுதான். அந்தச் சபையில் இருக்கும் பாதிப்பேர் அந்தக் கருவியில் வாழ்க்கையைக் கழித்தவர்கள். கேள்வி புரிந்த அடுத்த கணமே தூசியைத் தேடுவார்கள். மேடை அந்த மேடையிலேயே கவிழ்வான்.

அரங்கம் நிரம்பி வழிந்தது. முன்வரிசையில் பெரியவர், தடியை முழங்கால்களுக்கு நடுவில் நிறுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஓய்வு பெற்றும் கூட்டத்துக்கு வருவதை விடவில்லை. இரண்டாவது வரிசையில் சின்னவள். வங்கியில் வேலை பார்ப்பவள், அவளுக்கு மூலக்கூறும் தெரியாது முனையும் தெரியாது. பக்கத்து நாற்காலியில் கைப்பையை வைத்து இடம் பிடித்திருந்தாள்.

"வாக்கா, வா, உனக்குத்தான் வச்சிருக்கேன்" என்று பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கையை வேறு பிடித்துக்கொண்டாள்.

"ஏன்டி இப்படிப் பறக்கற? பேசப்போறது அவரு."

"சும்மா இருக்கா. பாரு."

விளக்கு மங்கியது. திரையில் முதல் பக்கம் வந்தது. மேலே ஆய்வின் தலைப்பு. கீழே ஆசிரியர்கள் பெயர். முதலில் இருந்தது அவளுடைய பெயர்.

அவள் இரண்டு முறை படித்தாள். பெயர் அவளுடையதுதான், எழுத்துகூடப் பிசகவில்லை. அதற்கு அடுத்து, இரண்டாவதாக மேடையின் பெயர்.

"நான்தான் போடச் சொன்னேன்" என்று சின்னவள் காதோடு கிசுகிசுத்தாள். "அம்மா எல்லாம் சொன்னாங்க, போன மாசம். அந்தப் பழைய படம். எனக்காக நீ வாயத் திறக்கலையாமே. நான் அவர்கிட்ட பேசாம இருந்தேன்க்கா. சாப்பிடாம இருந்தேன். உன் பேரு முதல்ல வந்தாத்தான் நான் இந்த வீட்ல இருப்பேன்னுட்டேன். கடைசில அவரே அழுதுட்டாரு."

மேடையில் அவன் தொண்டையைச் செருமினான். வழக்கமான மிடுக்கு இல்லை.

"இந்தப் பேர நான் ரொம்ப வருஷம் முன்னாடியே இங்க போட்டிருக்கணும். ஒரு பழைய படத்துலயும் போட்டிருக்கணும், போடல. அது என் தப்பு. கண்ணும் கையும் அவங்களோடது. நான் வெறும் வாய்தான்."

பிறகு யாரோ தட்ட ஆரம்பித்தார்கள், எல்லாரும் தட்டினார்கள். திரும்பித் திரும்பி அவளைப் பார்த்தார்கள். அவளுக்கு உடம்பெல்லாம் கொதித்தது. இந்த ஆளுக்கு நல்லவன் ஆவதற்கு வேறு நாளே கிடைக்கவில்லையா? வேறு படமே கிடைக்கவில்லையா? நேற்று வந்து சொல்லியிருக்கக் கூடாதா, வாசல்படியில் நின்று ஒரு வார்த்தை? அவன் கெட்டவனாக இருந்தபோது அவனை வெறுப்பது எவ்வளவு சுலபமாக இருந்தது! இப்போது அவன் நல்லவனாகவும் ஆகி அவளைத் தோற்கடிக்கிறான் என்று அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

படம் வந்தது. இரண்டு திட்டு. ஜோடி ஜோடியாக மூலக்கூறுகள். வலது மூலையில் தூசி, அதன் பக்கத்தில் அதன் ஜோடி. வெட்டி எடுக்கக்கூட அவனுக்குத் தோன்றவில்லை. அவன் அதைப் பார்க்கவே இல்லை.

அவன் பேசி முடித்தான். "அக்கா மேல வரணும்" என்றான். சின்னவள் அவளைத் தள்ளாத குறையாக எழுப்பிவிட்டாள். யாரோ கையில் மைக்கைத் திணித்தார்கள்.

முன்வரிசையில் தடி அசைந்தது. பெரியவர் எழுந்து நின்றார்.

"நல்ல படம். ரொம்ப நல்ல படம். முதல் பேர் உன்னோடதுங்கறதால உன்னையே கேக்கறேம்மா. திருப்பிப் பாத்தியா?"

அவள் கண்ணாடி முன்னால் பழகிய கேள்வி. ஒரு சொல்கூட மாறவில்லை. ஆள் மட்டும் மாறிவிட்டது.

மேடை சிரித்தான். "அக்காவைப் போய் இதக் கேக்கறீங்களே சார். கதவுலயே எழுதி ஒட்டி வச்சிருக்காங்க."

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பெயர் நிற்கும். தங்கை நிற்பாள். பின்னொரு நாள் எங்கோ ஒருவன் அந்தப் படலத்தை நல்ல ஊசியால் பார்த்து ஜோடியைக் காணோம் என்று சொல்லும்வரை எல்லாம் நிற்கும். அவளுக்கு அந்த நேரத்தில் உண்மையைச் சொல்லவேண்டும் என்று தோன்றியதா, அவனை வீழ்த்தவேண்டும் என்று தோன்றியதா என்று கேட்டால், வீழ்த்தவேண்டும் என்றுதான் தோன்றியது. இத்தனை வருடம் தண்ணீர் ஊற்றி வளர்த்ததை ஒரு கைதட்டலுக்காகப் பிடுங்கிப் போட அவளுக்கு மனசு வரவில்லை.

"பாக்கல சார்" என்றாள். "வலது மூலையில அந்தத் தூசியப் பாருங்க. அதுக்கும் ஜோடி இருக்கு."

முதலில் பெரியவருக்குத்தான் புரிந்தது. மெதுவாகத் திரைப்பக்கம் போய்க் கழுத்தை நீட்டிப் பார்த்தார். பிறகு நடுவரிசையில் ஒருவர் "அடக் கடவுளே" என்றார். பின்வரிசை இளசுகள் களுக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்கள். "திருப்பிக்கூடப் பாக்கலையாம்" என்ற முணுமுணுப்பு வரிசை வரிசையாகப் பின்னால் போனது. மேடையின் முகத்தில் ஈயாடவில்லை. அவன் திரையைப் பார்த்தான், தூசியைப் பார்த்தான், வாய் திறந்தது, வார்த்தை வரவில்லை. அவனுக்கு வார்த்தை வராமல் போனதை அவள் வாழ்க்கையில் முதல்முறையாகப் பார்த்தாள். இனித்தது. பொய் சொல்வானேன், தேனாக இனித்தது.

அப்போது அவன் அவளிடம் திரும்பினான். அவன் முகத்தில் கோபம் இல்லை, வெறும் குழப்பம்தான் இருந்தது.

"ஊசி நீங்க குடுத்ததாச்சேக்கா. உங்க கை ஊசிங்கறதாலதான் நான் மறுபடி பாக்கல."

அந்த இனிப்பு ஒரு வாய்க்குமேல் நிலைக்கவில்லை.

பெரியவர் திரையை விட்டுத் திரும்பினார். "ரெண்டு முனைன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"குடுக்கும்போதே?"

"குடுக்கும்போதே தெரியும் சார்."

அவன் சோம்பேறி, அவ்வளவுதான், நாளைக்குள் மன்னித்துவிடுவார்கள். எத்தனையோ ஆய்வுக்கூடங்கள் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிய ஊசிகளுக்கு இனி என்ன பெயர் என்று எல்லார் முகத்திலும் எழுதியிருந்தது. அவள் தங்கையைத் தேடினாள். சின்னவள் அழவில்லை, திட்டவில்லை. மடியிலிருந்த கைப்பையை எடுத்தாள். பக்கத்து நாற்காலியில், அக்காவுக்காகப் பிடித்து வைத்திருந்த இடத்தில், வைத்தாள். பிறகு கணவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெரியவர் தடியால் திரையைக் காட்டினார். அவர் குரல் அலுத்துப் போயிருந்தது.

"அப்ப இந்தப் படம்..."

"என்னோடது சார்."

பல வருடம் முன்னால் இதே மனிதரிடம் இதே வார்த்தையைச் சொல்லிவிட்டு, யாராவது ஒருவர் ஒத்துக்கொள்ளமாட்டாரா என்று அவள் கதவு கதவாகத் தட்டினாள். இந்த முறை யாரும் மறுக்கவில்லை.